செவ்வந்திக் கல்: பார்க்க அழகு, குடியை நிறுத்துமா?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கிரிவலப் பாதையில் மணிமாலைக் கடை வைத்திருக்கும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன பௌர்ணமி அன்னிக்கு ராத்திரி ஒரு அம்மா என் கடைக்கு வந்தாங்க. ஊதா நிறத்துல ஒரு கல் இருக்காமே, அதை மோதிரமாப் போட்டா குடிக்கிறவங்க குடியை விட்டுடுவாங்களாமே, அது வேணும்னு கேட்டாங்க. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்தாங்க. "ஏதும்மா இவ்வளவு பணம்?"னு கேட்டேன். "குழுவுல உள்கடன் வாங்கினேன். பையன் பீஸ் கட்டணும்னு சொல்லி வாங்கினேன்"னு சொன்னாங்க.

நான் கல் கொடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசினேன். ஏன்னா 2016-ல் அதே தப்பை நானே பண்ணியிருக்கேன். அதைத்தான் இன்னிக்கு உங்ககிட்ட சொல்லப் போறேன். ஆனால் அதுக்கு முன்னாடி அந்தக் கல் என்ன, அதன் உள்ளே என்ன இருக்கிறது, அதைப் பற்றி உலகத்தில் என்னென்ன சொல்லி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். தெரியாத பொருளைத்தானே நம்மிடம் என்ன விலைக்கும் விற்க முடியும்?

கல் எப்படி இருக்கும்?

இதோ மூணு கல் கொண்டு வந்திருக்கேன். கைமாத்திக் கைமாத்திப் பாருங்க. பத்திரம், மூணும் திரும்பி வரணும்!

இதற்குத் தமிழில் செவ்வந்திக் கல் என்று பெயர். ஆங்கிலத்தில் அமெதிஸ்ட். பெயர் செவ்வந்தி என்றாலும் நிறம் நம்ம நாவற்பழம்தான். வடக்கே இதை ஜமுனியா என்றே சொல்கிறார்கள். ஜாமுன் என்றால் நாவற்பழம். வெளிர் ஊதாவிலிருந்து நல்ல கத்தரிப்பூ நிறம் வரைக்கும் பல அழுத்தத்தில் வரும்.

நம்ம கழுத்தில் போடும் ஸ்படிகமும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டுமே படிகக் கல். வீடு கட்டும் மணலில் பளபளவென்று மின்னும் துகள் இருக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இதே வகைதான். வெள்ளையாக இருந்தால் ஸ்படிகம். அதிலேயே கொஞ்சூண்டு இரும்பு கலந்து, பாறையில் இயற்கையாக இருக்கும் கதிர்வீச்சும் நெடுங்காலம் பட்டால் ஊதா. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெட்டாத கல்லைப் பாருங்க. ஆறு பட்டை இருக்கும். நுனியில் கோபுரம் மாதிரி கூம்பி இருக்கும். நுனிப் பக்கம் நிறம் அடர்த்தியாகவும், கீழே போகப்போக வெளுத்தும் இருக்கும். இதை யாரும் செதுக்கவில்லை. தானாகவே அப்படி வளர்ந்தது.

கல் எப்படி வளரும் என்று கேட்பீங்க. கல்கண்டு எப்படி வளருது? சர்க்கரைப் பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டால், நூலைச் சுற்றிப் பட்டை பட்டையாகக் கட்டிக்கொள்கிறது இல்லையா? அதே மாதிரிதான். எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொண்டு பொந்து உண்டாகும். அந்தப் பொந்துக்குள் மண்சத்து கரைந்த நீர் ஊறி, சுவரில் படிந்து, மெதுவாகக் கல் வளரும். அப்படிப்பட்ட உருண்டையை வெளியே பார்த்தால் அழுக்கு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். இரண்டாக உடைத்தால் உள்ளே முழுக்க ஊதாக் கல்கண்டு.

மகாராஷ்டிரத்தில் சுமார் 6 கோடியே 60 லட்சம் வருடங்களுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்புப் பாறையில் இந்த மாதிரிப் பொந்துகள் நிறைய. வெளிநாட்டில் பிரேசிலும் உருகுவேயும் பேர் பெற்றவை. பிரேசிலில் ஆள் உயரத்துக்குக்கூடக் கிடைக்கிறது. நம்ம தமிழ்நாட்டில் காங்கேயம், கரூர் பக்கம் பாறை வெடிப்புகளில் இந்தக் கல் கிடைத்திருக்கிறது. நம்ம அண்ணாமலை எரிமலைக் குழம்புப் பாறை இல்லை. அதைவிடப் பல மடங்கு பழைய பாறை. அதனால் "அண்ணாமலையில் எடுத்த செவ்வந்திக் கல்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னும் இரண்டு விஷயம். இந்தக் கல்லை வருடக்கணக்கில் வெயிலில் வைத்தால் நிறம் வெளுத்துப் போகும். 400, 500 டிகிரி சூட்டில் வைத்தால் ஊதா போய் மஞ்சளாகிவிடும். கடைகளில் 'கோல்டன் டோபாஸ்' என்று விற்கும் மஞ்சள் கல்லில் பெரும்பாலானவை இப்படிச் சூடுகாட்டிய செவ்வந்திக் கல்தான். அதைக் கனகபுஷ்பராகம் என்று சொல்லிப் பல மடங்கு விலைக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அது புஷ்பராகம் அல்ல.

உள்ளே என்ன இருக்கிறது?

கல்லை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்துப் பாருங்க. உள்ளே ஒரு உலகமே இருக்கும்.

முதலில் நிறம். சேலை ஊதா மாதிரி ஒரே சீராக இருக்காது. ஒரு பட்டை அடர்த்தி, ஒரு பட்டை வெளுப்பு என்று, கோணம் கோணமாக மடிந்து போகும். கல் வளர்ந்த ஒவ்வொரு காலத்திலும் எவ்வளவு இரும்பு கிடைத்ததோ, அவ்வளவு நிறம்.

இரண்டாவது, கைரேகை மாதிரி வரிகள். சில கல்லில் புலிவரி மாதிரி வளைந்து வளைந்து ஓடும். கல்லில் முன்னே எப்போதோ விரிசல் விட்டு, அது திரும்பக் கூடிக்கொண்ட தழும்பு அது.

மூன்றாவது, மெல்லிய ஊசிகள், புள்ளிகள். பழுப்பாக, செம்பட்டையாக இருக்கும். அது இரும்புத் துரு வகையைச் சேர்ந்தது.

நான்காவது, நீர்த்துளி. அபூர்வமாகச் சில கல்லுக்குள் ஒரு பொட்டு தண்ணீரும் ஒரு குமிழியும் மாட்டியிருக்கும். கல்லைச் சாய்த்தால் குமிழி நகரும். ரசமட்டத்தில் கொத்தனார் பார்ப்பாரே, அது மாதிரி. கல் வளர்ந்த காலத்துத் தண்ணீர் அது.

வியாபாரத்தில் இதையெல்லாம் 'தோஷம்' என்பார்கள். தோஷமுள்ள கல்லைப் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயமுறுத்தி, விலை கூடின கல்லைத் தலையில் கட்டுவார்கள். எனக்கு அது மச்சம் மாதிரிதான் தெரியுது. பிறக்கும்போதே வந்த அடையாளம். அது இருப்பதால்தான் பெரும்பாலும் இயற்கைக் கல் என்று கண்டுபிடிக்கிறோம்.

கண்ணாடியாக இருந்தால் உள்ளே கோலி சோடா பாட்டிலில் தெரிகிற மாதிரி உருண்டையான காற்றுக் குமிழிகள் இருக்கும். நிறம் பாயசத்தில் கரண்டி விட்டுக் கலக்கின மாதிரி சுழன்று போகும். கையில் எடுத்தால் படிகக் கல் சில்லென்று இருக்கும், கண்ணாடி அவ்வளவு குளிராது. படிகக் கல் கண்ணாடியைக் கீறும், சாதாரணக் கத்தியால் அதைக் கீற முடியாது. ஆனால் கடையில் போய்க் கீறிப் பார்க்காதீங்க, சண்டை வரும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970-களிலிருந்து செவ்வந்திக் கல்லை ஆலையிலேயே வளர்க்கிறார்கள். அது கண்ணாடி இல்லை, நிஜமான படிகம்தான். பூமிக்குள் வளராமல் இரும்புக் கொப்பரைக்குள் வளர்ந்தது. அதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆய்வுக்கூடத்துக்கே சிரமம். அதனால் "பார்த்தாலே சொல்லிடுவேன்"னு யார் சொன்னாலும், நானே சொன்னாலும், முழுசா நம்பாதீங்க.

கல்லைப் பற்றி என்னென்ன சொன்னார்கள்?

இந்தக் கல் நமக்குப் புதுசு இல்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊர். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள். அங்கே 1985-லிருந்து நடந்த அகழாய்வுகளில், 2,000 வருடங்களுக்கு முன்பே கல்மணி அறுத்து, துளை போட்டு, மெருகேற்றிய பட்டறைகள் இருந்தது தெரிந்தது. அங்கே கிடைத்த மணிகளில் செவ்வந்திக் கல்லும் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் தோண்டினார்கள். ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த ஊர் அது. அங்கேயும் இந்த மணி உண்டு. நாம இன்னிக்குக் கோர்க்கிற மணியை அந்தக் காலத்திலேயே நம்ம ஊர்க்காரங்க கோர்த்திருக்காங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். அமெதிஸ்ட் என்ற பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு 'போதை ஏறாதது' என்று அர்த்தம். கல்லின் நிறம் திராட்சை மது நிறம். அதனால் இதை அணிந்தால், இதில் செய்த கிண்ணத்தில் குடித்தால் போதை ஏறாது என்று கிரேக்கர்களும் ரோமானியர்களும் நம்பினார்கள். நம்ம கிரிவலப் பாதையில் "குடியை நிறுத்தும் கல்"னு விற்கிறாங்களே, அந்தப் பேச்சின் மூலம் அங்கேதான் இருக்கிறது. நம்ம சித்தர்கள் சொன்னது என்பதெல்லாம் பிறகு ஒட்டினது.

அந்தக் காலத்திலேயே இதை மறுத்த ஆளும் இருந்தார். பிளினி என்று ஒரு ரோமானியர். கி.பி. 79-ல் இறந்தார். உலகத்திலுள்ள பொருள்களைப் பற்றியெல்லாம் பெரிய புத்தகம் எழுதியவர். செவ்வந்திக் கற்களில் முதல் தரம் இந்தியாவிலிருந்து வருவதுதான் என்று எழுதினார். அதே இடத்தில், இந்தக் கல் போதையைத் தடுக்கும் என்பது மந்திரவாதிகள் சொல்லும் பொய் என்றும் எழுதிவிட்டார். 2,000 வருடத்துக்கு முன்னாடியே பொய்யென்று எழுதி வைத்த ஒன்றுக்கு நான் கடன் வாங்கினேன் சகோதரிகளே!

மற்ற அடையாளங்களும் உண்டு. கிறிஸ்தவ ஆயர்கள் செவ்வந்திக் கல் மோதிரம் அணிவது பழைய வழக்கம். மனதை அடக்கி, தெளிவாக இருப்பதற்கு அது அடையாளம். தமிழ் பைபிளில் இந்தக் கல்லுக்கு 'சுகந்தி' என்று அழகான பெயர். பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கு இது ராசியான கல் என்கிறார்கள். எந்த மாதத்துக்கு எந்தக் கல் என்று இன்று கடைகளில் மாட்டியிருக்கும் பட்டியல், 1912-ல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் கூடி முடிவு செய்ததிலிருந்து வந்தது. நம்ம நவரத்தினத்தில் செவ்வந்திக் கல் கிடையாது. மாணிக்கம், முத்து, பவளம், மரகதம், புஷ்பராகம், வைரம், நீலம், கோமேதகம், வைடூரியம், ஒன்பதையும் விரல் விட்டு எண்ணிப் பாருங்க. நீலம் வாங்க வசதி இல்லாதவர்களுக்குச் சனி பகவானுக்கு மாற்றுக் கல் என்று இதைக் கொடுக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இது மாணிக்கம், மரகதத்தோடு சமமாக விலை போனது. 19-ம் நூற்றாண்டில் பிரேசிலில் குவியல் குவியலாகக் கிடைத்ததும் விலை விழுந்தது. கல்லுக்கு உண்மையிலேயே சக்தி இருந்திருந்தால், நிறையக் கிடைத்ததும் அது குறைந்திருக்குமா? குறைந்தது விலை மட்டும்தான்.

என் மோதிரத்தின் கதை

என் வீட்டுக்காரர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் தினமும் குடிப்பார். 2016-ல் ஒருத்தர் சொல்லி, ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். கல், வெள்ளி மோதிரம், பூஜை எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் என்றார்கள். குழுவில் 6,000 உள்கடன் வாங்கினேன். தீர்மான நோட்டில் 'மாட்டுத் தீவனம்' என்று எழுதச் சொன்னேன். எங்க வீட்டில் அப்போ மாடே கிடையாது! ஊக்குநருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்து எழுதிட்டாங்க.

மோதிரம் போட்ட முதல் மூணு நாள் அவர் குடிக்கவில்லை. நான் அந்தக் கல்லுக்குத் தினமும் விபூதி பூசிக் கும்பிட்டேன். நாலாம் நாள் மோதிரம் போட்ட அதே கையால் பாட்டிலைத் திறந்தார். திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்க நியமமா இருக்கலை"ன்னு சொன்னாங்க. தப்பு என் மேலயே வந்துடுச்சு. பத்து மாசம் தவணை கட்டினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 330 ரூபாய் வட்டியும் சேர்த்து.

அப்புறம் நான் மணிமாலை வியாபாரத்துக்கு வந்தபோது, கல் அறுக்கும் ஒரு பெரியவரிடம் அந்த மோதிரத்தைக் காட்டினேன். ஏமாத்தி கண்ணாடியைக் கொடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, "அசல் கல்தாம்மா. புலிவரிகூட இருக்கு பாரு. ஆனா ஆயிரம் ரூபாய்கூடப் போகாது"ன்னார். அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. கல் அசலா போலியா என்பது என் பிரச்சனையே இல்லை. அசல் கல்லும் குடியை நிறுத்தாது.

பிறகு எது உதவியது? அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு டாக்டரைப் பார்த்தோம். குடி நோய், அதற்கு மருத்துவம் உண்டு என்று அவர் சொன்னபோது என் வீட்டுக்காரர் அழுதுவிட்டார். அதுவரைக்கும் எல்லாரும் அவரைத் திட்டத்தான் செய்தோம். ஒரே தடவையில் சரியாகவில்லை. ஒரு தடவை திரும்பக் குடித்தார். திரும்ப அழைத்துப் போனேன். இரண்டாவது தடவைதான் நின்றது.

இதில் மூன்று விஷயம் மனதில் வையுங்கள்.

ஒன்று: தினமும் அதிகமாகக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது எல்லாம் வரலாம். உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இரண்டு: அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் பொடி, மாத்திரை கலக்காதீர்கள். அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும்.

மூன்று: போன் நம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416. வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் உதவி எண் 181. எதற்கும் காசு கிடையாது.

கல் விற்கிறவர்களுக்கு

நம்ம கூட்டமைப்பில் மாலை கோர்த்து விற்கிறவர்கள் பலர் இருக்கிறோம். நமக்கும் பொறுப்பு உண்டு. கண்ணாடி என்றால் கண்ணாடி என்று சொல்லி விற்போம். சூடுகாட்டிய மஞ்சள் கல்லைப் புஷ்பராகம் என்று சொல்ல வேண்டாம். நோய் தீரும், குடி நிற்கும் என்று பலகை எழுத வேண்டாம். தாயத்து, கவசம் போன்றவற்றை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. வாங்குகிறவர்கள் பில் கேட்டு வாங்குங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்துடும்னு நானும் பயந்தேன். படுக்கவில்லை. லென்ஸைக் கொடுத்து உள்ளே இருக்கும் வரியைக் காட்டினால், வெளியூர் ஆளுங்க ஆசையா வாங்கிட்டுப் போறாங்க.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

கேள்வி: நம்பிக்கை இருக்கிறவங்க போட்டுக்கக் கூடாதா?

பதில்: தாராளமாப் போட்டுக்கலாம் அக்கா. நம்ம மலை கிருதயுகத்தில் நெருப்பாகவும், அடுத்து மாணிக்கமாகவும், பொன்னாகவும் இருந்து, இந்தக் கலியுகத்தில் கல்லாக இருக்கிறது என்று தல புராணம் சொல்கிறோம். அந்தக் கல்லை 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறோம். அதற்கு யாரும் காசு கேட்பதில்லை, கடன் வாங்கவும் சொல்வதில்லை. கையில் மிச்சமிருக்கிற காசில், அழகுக்கு, ஆசைக்கு ஒரு மோதிரம் போட்டால் தப்பே இல்லை. டாக்டர்கிட்ட போக வேண்டியதை விட்டுட்டு, கடன் வாங்கிப் போடுறதுதான் தப்பு.

கேள்வி: வீட்டுக்காரர் குடிக்கிறார்னு கூட்டத்துல சொல்ல வெட்கமா இருக்கே, எப்படிக் கடன் கேட்கிறது?

பதில்: எனக்கும் அந்த வெட்கம்தான். அதனால்தான் இல்லாத மாட்டுக்குத் தீவனம் வாங்கினேன். அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா, குழுவில் யாராவது ஒருத்தி, "மோதிரம் வேணாம்டி, ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு சொல்லியிருப்பா. அதனால் ஒரு தீர்மானம் கேட்கிறேன். குடி சிகிச்சைக்குப் போய்வர பஸ் செலவு, துணைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி, இதற்கு உள்கடனை முதல் வரிசையில் கொடுப்போம். நோட்டில் 'மருத்துவச் செலவு' என்று எழுதினால் போதும்.

அன்னிக்கு டீ குடிச்ச அம்மா அடுத்த வாரமே வந்தாங்க. பையன் பீஸ் கட்டின ரசீதைக் காட்டினாங்க. வீட்டுக்காரரை டாக்டர்கிட்ட வரச் சொல்லிக் கேட்டிருக்காங்க, அவர் இன்னும் சம்மதிக்கலை. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு நாள் அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசறதா இருக்கோம்.

கல்லு மூணும் வந்துடுச்சா? ஒண்ணு பின்வரிசையில இருக்கு, கொடுத்துடுங்கம்மா.